சிந்தசைசரில் வீணை மீட்டு: என்வலப் வைக்க உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். அனலாக் சிந்தசைசரில் (மின்சுற்றுகளால் ஒலி உருவாக்கும் கீபோர்டு) வீணை மீட்டு போன்ற ஒலியைக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒலியளவு என்வலப்பில் (ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வைக்கும் அமைப்பு) அட்டாக் (ஒலி எழும் நேரம்) 0, டிகே (எழுந்தபின் இறங்கும் நேரம்) நீளம், சஸ்டெயின் (கீயை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) 0, ரிலீஸும் (கீயை விட்டபின் அடங்கும் நேரம்) கொஞ்சம் நீளம். மீட்டிய தந்தியில் கூர்மையான மேற்சுரங்கள்தான் முதலில் அடங்கும். அதனால் ஃபில்டர் (மேற்சுரங்களை வடிகட்டும் பகுதி) என்வலப்பின் டிகேயை ஒலியளவின் டிகேயைவிடக் குறைத்து வைத்திருக்கிறேன். மந்தர ஸ்தாயியில் (கீழ்ச் சுரங்களில்) அருமையாக இருக்கிறது. தார ஸ்தாயிக்கு (மேல் சுரங்களுக்கு) போனால் மந்தமாகிவிடுகிறது. அப்புறம், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அட்டாக்கை இம்மி கூட்டினால் டிக் போகிறது, மீட்டின் உயிரும் கூடவே போகிறது.

கீ டிராக்கை (சுரம் உயர உயர ஃபில்டரையும் திறக்கும் அமைப்பு) 100 சதவீதம் வைக்கலாமா, இல்லை ஃபில்டர் என்வலப் அளவைக் கூட்டவா? டிக்கை எப்படி அடக்குவது? மயிலாப்பூர் பக்கம் யாராவது இருந்தால் நேரிலேயே வந்து வாசித்துக் காட்டுகிறேன்.