தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைச் சொகுசு விடுதி: வரவேற்கலாமா?

ராகிக்காட்டான்:
தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி செல்லும் சாலையில், எங்கள் நிலத்தை ஒட்டிப் பன்னிரண்டு ஏக்கரில் ஒரு சொகுசு விடுதி வரவிருக்கிறது. மண் சுவர், நாட்டு ஓடு, சூரிய மின்சாரம், பிளாஸ்டிக்குக்கு இடமில்லை என்றெல்லாம் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். இருபது குடில்களுக்கும் தனித்தனி நீச்சல் குளம் உண்டு என்பதும் அதே தாளில் இருக்கிறது. இயற்கையை நேசிக்கும் பயணிகளுக்கான இடமாம். எங்கள் திறந்த கிணறு வற்றி ஆறு ஆண்டுகள் ஆகின்றன; எண்ணூறு அடி ஆழ்துளைக் கிணறும் சித்திரையில் முக்கால் மணி நேரம் ஓடியதும் தண்ணீருக்குப் பதில் காற்றைத் தள்ளுகிறது. ஆகவே நான் இதை எதிர்க்கிறேன்.

ஓசூர் கட்டடக்கலைஞர்:
ஐயா, தங்கள் கவலை நியாயமானது. ஆனால் விடுதி வராவிட்டால் அந்த நிலம் மானாவாரிக் காடாகவே இருந்துவிடும் என்று நம்புகிறீர்களா? ஓசூரைச் சுற்றி மனைப்பிரிவுக் கற்கள் நடாத சாலை எது? கல்குவாரி வந்தால் மேல்மண்ணே மிஞ்சாது. விடுதி நடத்துபவருக்கோ மரமும் நிழலும்தான் முதல். மண் சுவரையும் விளம்பரம் என்று தள்ளிவிட வேண்டாம். அழுத்திச் செய்யும் மண் கல்லுக்குச் சூளையும் விறகும் தேவையில்லை; ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் பகுதியில் சுவர் தடிமனாகவும் கூரை உயரமாகவும் அமைந்தால், குளிர்சாதனம் இல்லாமலே ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கலாம். குளத்து நீரும் தினமும் மாற்றப்படுவதில்லை, வடிகட்டித் திரும்ப விடப்படுகிறது.

ராகிக்காட்டான்:
கணக்கையே பார்த்துவிடுவோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்று வைத்தால் ஒரு குளத்துக்கு 12,000 லிட்டர். இருபதுக்கும் 2,40,000 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாயில் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு வைத்த அளவு 55 லிட்டர். ஒரு முறை நிரப்பும் நீர் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒரு நாள் பங்கு.

ஓசூர் கட்டடக்கலைஞர்:
அந்த நீரை மழையே தரும் ஐயா. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால், 2,000 சதுர மீட்டர் கூரையில் 16 லட்சம் லிட்டர் விழுகிறது. குளங்களை நிரப்பி, ஆவியாவதையும் ஈடுகட்டிய பின்பும் மீதம் இருக்கும்.

ராகிக்காட்டான்:
குளத்தைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நாற்பது விருந்தினர்கள் குளியல், சலவை, சமையல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 43 லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. அதற்குக் கூரை போதாது. மீதி எங்கள் காலடியிலிருந்துதான் உறிஞ்சப்படும்.

பென்னாகரம் ஆசிரியை:
இருவரும் அளவைப் பேசுகிறீர்கள்; நான் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. என் வகுப்பில் ஒரு மாணவி சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். முன்பற்களின் குறுக்கே புளோரைடால் வந்த பழுப்புக் கோடுகள், விளிம்பில் சிறு குழிகள். விடுதியினர் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து விருந்தினருக்கு நல்ல நீர் கொடுத்துவிடுவார்கள். அந்த இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் புளோரைடு இன்னும் செறிந்து நிற்கும். அதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் அதற்குப் பெயர் மறுசுழற்சியா? ஆழத்தில் கிடந்ததை மேல்மண்ணில் சேர்ப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஓசூர் கட்டடக்கலைஞர்:
அம்மா, இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கழிவுநீரைத் தனியாகத் தேக்கி, அடியில் கசியாத தொட்டியில் வெயிலில் வற்றவிட வேண்டும். செலவு கூடினாலும் தவிர்க்க முடியாது. எனினும் நம் பிள்ளைகள் வேலைக்காக விடியற்காலையில் பெங்களூரு பேருந்தைப் பிடிப்பதையும் மறக்கக் கூடாது. கேழ்வரகு, சாமை, புளி, மாம்பழம் அனைத்தையும் சுற்றுவட்டாரத்திலேயே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தமிட்டால் தங்களைப் போன்றோருக்கும் நிலையான வருமானம் உண்டு.

ராகிக்காட்டான்:
ராகி விளைந்தால்தானே விற்பேன். ஐப்பசி, கார்த்திகையில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்குகின்றன. கதிர் முற்றும் காலமும் அதுவே. பரண் கட்டி, பட்டாசும் டார்ச்சுமாக இரவெல்லாம் விழித்திருக்கிறோம். பன்னிரண்டு ஏக்கரைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட்டால் யானை திரும்பிப் போய்விடாது, வேலி முடியும் இடத்தில் என் வயலுக்குள் இறங்கும். 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டரில் நம் மாவட்டங்களில்தான் அறிவிக்கப்பட்டது. நீலகிரி சீகூர் யானை வழித்தடத்து விடுதிகள் குறித்து 2020இல் உச்ச நீதிமன்றம் யானையின் பக்கம் நின்றது. அங்கும் காட்டை ரசிக்க வந்தவர்களுக்காகக் கட்டியவைதாம்.

ஓசூர் கட்டடக்கலைஞர்:
குடில்களைச் சுற்றி மட்டும் வேலி, மீதி நிலம் திறந்த வழி, இரவு ஒன்பதுக்கு மேல் வெளிவிளக்கு இல்லை என்று நிபந்தனை வைத்தால்?

ராகிக்காட்டான்:
அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும். ஆழ்துளைக் கிணற்றில் அளவுமானி பொருத்தி, மாதந்தோறும் எடுத்த நீரின் அளவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டவும் வேண்டும். அதற்கு அவர்கள் உடன்படும்வரை என் எதிர்ப்பு மாறாது. நவம்பர் 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். ஆசிரியை அவர்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஏதும் வைத்திருந்தால் அனுப்பி உதவுங்கள்.