நாயகி வீட்டை விட்டுக் கிளம்பியதும் நாவல் படுத்துவிடுகிறது, ஏன்?

வரைவுக்காரி:
18 வயதுப் பெண் ஒருத்தி தன் காலில் நிற்கக் கிளம்பும் நாவல், மொத்தம் 24 அத்தியாயம். 11ஆவதில் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். அதுவரை விறுவிறுப்பு. பிறகு வேலை, அறை, தோழிகள் என்று சம்பவங்களுக்குக் குறைவில்லை, ஆனாலும் இழுவை என்கிறார்கள் படித்தவர்கள். எங்கே கைவைப்பது?

பிழைதிருத்தி:
முதல் பாதியில் அவளைத் தடுப்பவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். 11இல் அவர்களை வீட்டோடு விட்டுவிட்டு வந்துவிட்டாள். இனி யாரோடு மோதுவாள்? அதற்காகப் புது வில்லனை இறக்காதீர்கள். (கெட்ட முதலாளி இந்த இடத்தில்தான் எல்லா வரைவிலும் முளைப்பார்.) வீடு அவளுக்குள்ளேயே கூட வந்திருக்க வேண்டும். யாரும் கேட்காதபோதே விளக்கம் சொல்வாள். சொந்தச் சம்பளத்தில் ஒரு பொருள் வாங்கினாலும் விலையைக் குறைத்துச் சொல்வாள்.

12 முதல் 24 வரை, அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள்: முடிவெடுத்தது யார், அதனால் அவள் இழந்தது என்ன? அடுத்தடுத்து மூன்று வரிகளில் தோழியோ தற்செயலோ முடிவெடுத்திருந்தால் இழுவை அங்கேதான்.

இன்னொன்று பணம். நாயகியின் சம்பளம் எவ்வளவு என்பதே பல வரைவுகளில் தெரியாது. 1847இல் வந்த 'ஜேன் அயர்' என்ற ஆங்கில நாவலில் எல்லாவற்றுக்கும் தொகை உண்டு. நாயகி ஜேனுக்குப் பள்ளி ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டு சம்பளம், பிறகு தார்ன்ஃபீல்டு என்ற வீட்டில் தங்கிப் பாடம் சொல்லித்தரும் வேலைக்கு 30. அங்கிருந்து தப்பும்போது கையில் 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. அது வண்டிக் கூலிக்கே சரியாகிவிட, அடுத்து பட்டினி. பின்னர் வாரிசுச் சொத்தாக வந்த 20,000 பவுண்டை மூன்று உறவினர்களோடு பங்கிட்டு, தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். யாரிடம், எதற்கு அவளால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியும் என்பது தொகைக்குத் தொகை மாறுகிறது.

ஓரக்குறிப்பு:
பணம் சரி. ஆனால் குரலையும் பாருங்கள். 'நான்' என்று சொல்பவளுக்கு இப்போது என்ன வயது? 35 வயதின் தெளிவு 18 வயதுக்காரியின் வாயில் வந்தால், அவள் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமிருக்காது. 'அப்போது எனக்குப் புரியவில்லை' என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் தற்காலிகமாக வெட்டிவிட்டுப் படியுங்கள். காட்சி தானே நின்றால் அவை தேவையில்லை. நிற்காவிட்டால் காட்சியைத்தான் திருத்த வேண்டும்.

அம்மா முழுக்கக் கொடுமைக்காரியாக இருக்கிறாரா? ஒரு விஷயத்திலாவது அவர் சொன்னதே சரி என்று பிற்பாதியில் தெரியவரட்டும். அதை மகள் எப்படி ஏற்கிறாள், அல்லது ஏற்க மறுக்கிறாள் என்பதிலேயே இரண்டு அத்தியாயம் ஓடும்.

வரைவுக்காரி:
'நான்' என்று தன்மையில்தான் எழுதியிருக்கிறேன். 17ஆவதில் ஒருவன் வருகிறான், அவன் கொடுக்கும் தைரியத்தில்தான் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அதுவும் சிக்கலா?

பிழைதிருத்தி:
சிக்கல்தான். அப்பாவின் அனுமதி போய் காதலனின் அனுமதி வந்திருக்கிறது, அவ்வளவே. அவனை எடுத்துவிட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். விண்ணப்பம் 16இல் போகட்டும், அவனுக்குத் தெரியாமல். 17இல் அவனுக்குத் தெரியவரும்போது அவன் முகம் கொஞ்சம் சுருங்கட்டும்.

ஓரக்குறிப்பு:
அந்த விண்ணப்பக் கட்டணத்தை எதை விட்டுக்கொடுத்துக் கட்டினாள் என்பதையும் 16லேயே எழுதிவிடுங்கள்.