நெல்லுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சியும் இருக்கு, சிலந்தியும் நிறைய இருக்கு. மருந்து அடிக்கலாமா?

நீடாமங்கலம் பக்கம்:
3 மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) சம்பா நெல், சி.ஆர். 1009 ரகம். குத்துக்குக் குத்து தூர் (கிளைத்தண்டு) கட்டியாச்சு. குத்தை விலக்கிப் பார்த்தா அடித்தண்டுல பழுப்புப் புகையான் உட்கார்ந்திருக்கு. விடியக்காலை பனியில பயிர் முழுக்கச் சிலந்தி வலை. எல்லாத்தையும் சேர்த்துக் கொல்ற மருந்து இருக்குன்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா?

வலங்கைமான்:
எங்கேயாவது வட்டமா காஞ்சு திட்டு விழுந்திருக்கான்னு முதல்ல பாருங்க. விழுந்திருந்தா தாமதிக்காதீங்க.

திருவாரூர் அக்கா:
தம்பி, அந்த மருந்தை வாங்காதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

வலை பின்றது ஒரு ஜாதி. வலையே இல்லாம தண்ணி மேல ஓடுற ஓநாய்ச் சிலந்தி இன்னொண்ணு, முதுகுல கவை போட்ட கோடு இருக்கும். அதுதான் அடித்தண்டு வரைக்கும் இறங்கிப் புகையானைப் பிடிக்கும். பச்சையா, பொடிசா ஒரு நாவாய்ப்பூச்சியும் இருக்கும். அது புகையான் முட்டையை உறிஞ்சிடும், அதையும் தீமை செய்யற பூச்சின்னு நினைச்சுடாதீங்க.

புகையான் முட்டையை இலையுறைக்குள்ள சொருகி வைக்குது. பெரும்பாலான மருந்து அங்கே எட்டாது. மேல நடமாடுற சிலந்திதான் முதல்ல சாகும். ஒரு வாரம், பத்து நாள்ல முட்டை பொரிஞ்சு குஞ்சு வரும்போது தின்ன ஆளே இருக்காது. பைரித்திராய்டு வகை பூச்சிமருந்து அடிச்ச வயல்ல முன்னைவிட அதிகமா புகையான் கிளம்புறதை எங்க பக்கம் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கு.

அடிக்கிறதா வேணாமான்னு எண்ணித்தான் முடிவு பண்ணணும். சிலந்தி இல்லைன்னா தூருக்கு 1 புகையானே ஆபத்து. குத்துக்கு 1 சிலந்தி இருந்தா தூருக்கு 2 வரை பொறுக்கலாம்னு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கு. வயல்ல நாலஞ்சு இடத்துல எண்ணுங்க, வரப்போரத்துல மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க.

யூரியாவை இப்ப நிறுத்துங்க. தழைச்சத்து ஏறின சாறுலதான் புகையான் பெருகும். தண்ணியை வடிச்சுக் காயவிடுங்க.

நீடாமங்கலம் பக்கம்:
எண்ணிட்டேன்க்கா. தூருக்கு 1, சில இடத்துல 2. சிலந்தி குத்துக்கு 1 தாராளமா இருக்கு. ஆனா வடிகால்ல தண்ணி எதிர்த்து நிக்குது, வடியமாட்டேங்குது.

திருவாரூர் அக்கா:
அப்ப மருந்து வேணாம். 8 அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரிச்சு, பயிரை ரெண்டு பக்கமும் சாய்ச்சு விடுங்க. அடியில வெயிலும் காத்தும் படணும். மூணு நாள் கழிச்சு மறுபடி எண்ணுங்க, கூடியிருந்தா திட்டு விழுற இடத்துல மட்டும் தண்டைப் பார்த்து அடிக்கலாம்.

அடுத்த நடவுக்கு அண்டை வெட்டி வரப்பைச் சரி பண்ணும்போது புல்லை ஒட்டச் செதுக்காதீங்க, சிலந்தி ஒதுங்குறதே அங்கதான். வரப்பு நெடுக உளுந்தோ தட்டைப்பயறோ ஊனிடுங்க.