புதுப்பிப்பு: பகலில் எரியும் தெருவிளக்கு சரியாகிவிட்டது (பெங்களூரு, அல்சூர்)

அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் விளக்குகள் பகலில் எரிகின்றன, ராத்திரி அணைந்துவிடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது, கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்ற நண்பரின் யோசனைதான். அந்த எண்ணோடு, மாநகராட்சியின் உதவி எண்ணான 1533-ல் புகார் பதிந்தேன். வந்த லைன்மேன் அண்ணன் விளக்கைத் தொடவே இல்லை. தெருமுனைப் பெட்டியைத் திறந்து டைமரைக் காட்டினார். அதில் காலையும் மாலையும் மாறிக் கிடந்தன. மாற்றி வைத்தார், அன்று சாயங்காலமே எரிந்தது. இத்தனை நாள் வெயிலில் வீணான மின்சாரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

எதிர்பாராதது ஒன்று: திருப்பத்தில் இன்னும் இருட்டு. தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளை வெளிச்சத்தை மறைக்கிறது. சிலர் மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறார்கள். கூடவே கூடாது. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-ன்படி அதற்கு மர அதிகாரியின் அனுமதியும் வேண்டும். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும், மரமும் நிற்க வேண்டும். அதனால் அந்தக் கிளையை மட்டும் கழிக்கச் சொல்லித் தனி மனு கொடுத்திருக்கிறேன்.