முட்டி வலிக்கு அக்குபஞ்சர்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

தேன்மொழி:
வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலது பக்கம் மூன்றாவது கிரேடு என்று எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர் சொன்னார். 15 வருடமாகச் சுகர் இருக்கிறது. கிட்னி டெஸ்ட்டில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருப்பதால் வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் என்றாலே அம்மா அழுகிறார். காலையில் கட்டிலை விட்டு எழுந்து பாத்ரூம் போவதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிர்வீட்டு அத்தை அக்குபஞ்சருக்குப் போகச் சொல்கிறார். அண்ணன் அதெல்லாம் ஏமாற்று என்கிறார். போகலாம் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

வைகைக்கரையான்:
தாராளமாகப் போங்கள் அம்மா. நான் 31 வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவன். இடது முட்டி போய்விட்டது. எம்.பி.பி.எஸ். முடித்து அக்குபஞ்சரும் படித்த ஒரு டாக்டரிடம் வாரம் இரண்டு தடவை, மொத்தம் பத்து தடவை போனேன். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு குழி இருக்கும் இல்லையா, அங்கே ஒவ்வோர் ஊசி. அதற்குக் கீழே கால் எலும்பின் இரு பக்கமும் இன்னும் மூன்று. முடி மாதிரி மெல்லிய ஊசி. இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும். நான்காவது தடவைக்கு அப்புறம் மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பாமல் நேராக இறங்கினேன். ஏழு மாதம் நன்றாக இருந்தது. இப்போது லேசாகத் திரும்புகிறது, மறுபடி போகப் போகிறேன். தினம் இரண்டு வலி மாத்திரை போட்டு வயிற்றைப் புண்ணாக்கிக் கொண்டிருந்தவன் நான். எனக்கு இது பெரிய விஷயம்.

பிசியோ கலா:
ஐயா, உங்களுக்கு வலி குறைந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஊசியால்தான் குறைந்ததா என்பதே என் கேள்வி. முட்டித் தேய்மான வலி ஏறும், தானாக இறங்கும். தாங்க முடியாத நேரத்தில்தான் நாம் சிகிச்சைக்கு ஓடுகிறோம். அதற்கப்புறம் இறங்கினால் பெயர் அந்தச் சிகிச்சைக்குப் போகிறது.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வுகள். ஆஸ்திரேலியாவில் 50 வயதைத் தாண்டிய 282 பேரை வைத்து ஒன்று செய்தார்கள், 2014இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஊசி, ஒரு குழுவுக்கு ஊசிக்குப் பதில் லேசர் ஒளி, ஒரு குழுவுக்கு லேசர் மாதிரியே இருக்கும் ஆனால் எதுவும் வெளிவராத கருவி, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஊசி போட்டவர்களுக்கு 12 வாரத்தில் வலி கொஞ்சம் குறைந்தது. போலிக் கருவி வைத்தவர்களை விட அது மேலாக இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தக் கொஞ்சமும் நிற்கவில்லை. எந்தச் சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

பொன்னிநதி:
ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள் மேடம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2019இல் முட்டித் தேய்மானத்துக்கு அக்குபஞ்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அதே நாட்டு எலும்பு மருத்துவர்கள் அமைப்பு 2013இல் கூடாது என்று அழுத்திச் சொன்னது. 2021இல் ஆதாரம் வலுவாக இல்லை, ஆனாலும் உதவலாம் என்று இறங்கி வந்தது.

அப்புறம் ஜெர்மனி. 2006இல் வந்த ஆய்வில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்தார்கள். 26 வாரம் கழித்துப் பார்த்தால், முறைப்படி ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்குக் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம். வழக்கமான சிகிச்சையோடு டாக்டரைப் பார்த்து வந்தவர்களில் 29 சதவீதம்தான். அந்த நாட்டுப் பொதுக் காப்பீடு 2007 முதல் நாள்பட்ட முட்டி வலிக்கும் கீழ்முதுகு வலிக்கும் அக்குபஞ்சருக்குப் பணம் கொடுக்கிறது.

பிசியோ கலா:
அதே ஆய்வில் மூன்றாவது குழு ஒன்று இருந்ததே. அக்குபஞ்சர் புள்ளியே இல்லாத இடத்தில், மேலாக, சும்மா ஊசி குத்தினார்கள். அவர்களில் 51 சதவீதம் பேருக்கு அதே முன்னேற்றம். 53க்கும் 51க்கும் என்ன வித்தியாசம்? எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்றால் நாடி, உடம்பில் சக்தி ஓட்டம் என்று அக்குபஞ்சரில் சொல்வதற்கெல்லாம் அடிப்படை எங்கே?

பொன்னிநதி:
சக்தி ஓட்டத்துக்கு நான் வாதாடவில்லை. 29க்கும் 51க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள் என்கிறேன். தோலில் எங்கே குத்தினாலும் நரம்பு தூண்டப்படுகிறது, அதனால் போலி ஊசி முழுப் போலி ஆகாது. தேன்மொழியின் அம்மா போலி ஊசிக்கும் நல்ல ஊசிக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஊசிக்கும், ஒன்றும் செய்யாமல் சுவரைப் பிடித்து நிற்பதற்கும் நடுவில் நிற்கிறார்.

குமரன் தஞ்சாவூர்:
புள்ளிவிவரத்துக்கு நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். எங்கள் பெரியப்பாவும் முட்டி வலிக்குத்தான் போனார். ஊசி கிடையாது. நாடி பார்த்துவிட்டு ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொடுவார்கள், அவ்வளவுதான். போர்டில் அக்குபஞ்சர் என்றுதான் இருந்தது. முதல் நாளே, 'உடம்பில் கழிவு தேங்கியிருக்கிறது, இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்றார்கள். சுகர் மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு மாதத்தில் காலில் புண். 'கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி' என்று சொன்னார்கள். கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். முட்டி வலி இன்னும் அப்படியே இருக்கிறது.

வைகைக்கரையான்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஆனால் அது நான் சொன்ன வைத்தியம் இல்லை. என் டாக்டர் பி.பி. மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது என்று கண்டித்தவர்.

குமரன் தஞ்சாவூர்:
அது வேறு, இது வேறு என்று உங்களுக்குத் தெரியும் சார். வெளியூரிலிருந்து அம்மாவைக் கூட்டி வருகிறவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தானே மாட்டியிருக்கிறது? 2019இல் மத்திய அரசு அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதைச் சொல்லியே மூன்று மாதம் படித்தவரும் போர்டு வைக்கிறார். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

பொன்னிநதி:
இதில் குமரன் பக்கம்தான் நான். மாத்திரையை நிறுத்து என்கிற வார்த்தை வந்தால் அந்த நிமிடமே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள் தேன்மொழி.

பிசியோ கலா:
தேன்மொழி, வேண்டாம் என்பதுதான் என் கருத்து. போவது என்று முடிவு செய்தால் இவற்றையாவது பாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியாக இருக்க வேண்டும், உங்கள் கண் முன்னால் உறையைக் கிழிக்க வேண்டும். சுகர் உள்ளவர்களுக்குச் சிறு காயமும் சீழ் பிடிக்கலாம், அதனால் குத்திய இடத்தை இரண்டு நாள் பாருங்கள். பாதம் மரத்துப் போயிருந்தால் அங்கே ஊசி வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வேறு. உங்கள் பதிவில் பயிற்சி என்ற சொல்லே இல்லை. முட்டியைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலி என்று உட்கார்ந்தால் அது வற்றுகிறது, வற்றினால் வலி கூடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து, காலையும் மாலையும். எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறையும். வலி மாத்திரைக்குப் பதில் முட்டியில் தடவும் ஜெல் உங்கள் அம்மாவின் கிட்னி நிலைமைக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வைகைக்கரையான்:
மேடம், நீங்கள் சொல்லும் அந்தப் பயிற்சியை முன்பும் எனக்குச் சொன்னார்கள். வலியில் காலைத் தூக்கவே முடியவில்லை, விட்டுவிட்டேன். ஊசி போட்ட பிறகுதான் செய்ய முடிந்தது. இன்றைக்கும் விடாமல் செய்கிறேன். வலி குறைந்த அந்த முதல் இரண்டு மூன்று மாதம்தான் எனக்குத் தசையைக் கொடுத்தது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பிசியோ கலா:
அப்படிப் பார்த்தால் உங்கள் ஏழு மாதத்தில் பாதிக்கு மேல் பயிற்சியின் கணக்கு ஐயா. ஊசியால்தான் தொடங்க முடிந்தது என்பதை உங்கள் விஷயத்தில் ஏற்கிறேன். எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

தேன்மொழி:
எல்லோருக்கும் நன்றி. அத்தை சொன்ன இடத்துக்குப் போன் செய்தேன். ஊசி உண்டா என்று கேட்டேன், விரலால் தொடுவதுதான் என்றார்கள். சுகர் மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், 'வாருங்கள், நேரில் பேசலாம்' என்றார்கள். அங்கே போகப் போவதில்லை. ஊசி போடும் டாக்டர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரிக்கிறேன். இன்று சாயங்காலம் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னேன். இடது காலில் பத்து வந்தது. வலது காலில் ஆறுக்கு மேல் முடியவில்லை.

பிசியோ கலா:
ஆறு போதும். நாளைக்கும் ஆறே செய்யட்டும். வலிக்காமல் வந்தால் நாளை மறுநாள் ஏழு. வெள்ளிக்கிழமை எத்தனை வந்தது என்று எழுதுங்கள்.