செவ்வாய் ஏன் இவ்வளவு சின்னது? தூரக் கணக்குக்காரங்க பதில் சொல்லணும்

பூம்பாறை:
நேத்து நம்ம கொடைக்கானல் வானியல் குழுவில மூஞ்சிக்கல் அண்ணே ஒரு பதிவு போட்டிருந்தார். "சூரியனுக்குக் கிட்ட இருந்தா சின்னக் கோள், தள்ளி இருந்தா பெரிய கோள். நிறையை முடிவு பண்றது தூரம்தான்." கீழே வரிசையா கைதட்டல். பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கிற குழு, அதனால சும்மா விட முடியல. பூமியைத் தாண்டி அடுத்து இருக்கறது செவ்வாய். அதோட நிறை பூமியில பத்துல ஒரு பங்குதான். உங்க கணக்குப்படி பூமியை விடப் பெருசா இருக்கணுமே?

மூஞ்சிக்கல்:
தம்பி, பதிவை முழுசாப் படிச்சிட்டு வாங்க. பனிக்கோடு, அதாவது தண்ணி பனியா உறையத் தொடங்கற எல்லை, அதைப் பத்தி எழுதியிருக்கேன். சூரியன் பிறந்த புதுசுல அதைச் சுத்தி இருந்த வாயுத் தட்டுல, இன்னைக்குச் சிறுகோள் பட்டை இருக்கற தூரம் வரைக்கும் சூடு. அங்க தண்ணி ஆவியாத்தான் திரியும். பாறையும் இரும்பும்தான் திடமாச் சேரும். அதைத் தாண்டினா தண்ணியும் உறைஞ்சு பனித்தூளாகுது, திடப்பொருள் கூடுது. அங்க வளர்ற கரு, அதாவது கோளோட ஆரம்ப உருண்டை, பூமியைப் போல பத்து மடங்கு நிறையை எட்டினதும் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் மளமளன்னு இழுத்துக்கும். வியாழன் 318 பூமி நிறைக்கு வந்தது அப்படித்தான். இதுல எது தப்பு?

பூம்பாறை:
அதுல தப்பு இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. செவ்வாயும் பனிக்கோட்டுக்கு உள்ளதான், பூமியும் உள்ளதான். அதே பாறை, அதே இரும்பு. அப்புறம் ஏன் பத்துல ஒரு பங்கு? வியாழனைக் காட்டி செவ்வாயை மறைக்காதீங்க.

மூஞ்சிக்கல்:
ஒத்தை விதிவிலக்கைப் பிடிச்சுத் தொங்கினா அறிவியல் ஆகாது.

பூம்பாறை:
ஒத்தையா? வியாழன் 318, சனி 95, யுரேனஸ் பதினாலரை, நெப்டியூன் 17. தள்ளிப் போகப் போக இறங்குது, கடைசியில ஏறுது. தூரத்தோட சேர்ந்து காலமும் பேசுதுண்ணே. வாயுத் தட்டு சில பத்து லட்சம் வருஷத்துல கலைஞ்சிடும். வெளிப்பக்கத்துல கரு வளர்றதுக்கு நேரமாகும், அது தயாராகறதுக்குள்ள பந்தி முடிஞ்சிருச்சு. அதனாலதான் யுரேனசும் நெப்டியூனும் இன்னொரு வியாழன் ஆகல. அது கிடக்கட்டும், செவ்வாய்க்கு வாங்க.

முத்தோரை:
ஊட்டியிலிருந்து எழுதறேனுங்க. ரெண்டு பேரும் நட்சத்திரத்தையே மறந்துட்டீங்க. நட்சத்திரம் சின்னதுன்னா தட்டும் மெலிசு, கோளுக்குச் சரக்கு கம்மி. ட்ராப்பிஸ்ட்-1ங்கற நட்சத்திரம் சூரிய நிறையில சுமார் 9 சதவீதம்தான். அதைச் சுத்தி 7 கோள், எல்லாமே ஏறக்குறைய பூமி அளவு, இல்லேன்னா அதுக்குக் கீழே. வியாழன் மாதிரி ஒண்ணு அதுல உண்டுங்களா?

பூம்பாறை:
ஜிஜே 3512-ஐ ஏன் விட்டீங்க? 2019-ல வந்த செய்தி. நட்சத்திரம் சூரியன்ல 12 சதவீதம்; அதைச் சுத்தற கோள் குறைஞ்சது வியாழன்ல பாதிக்குக் கிட்ட. உங்க கணக்கும் அங்க உதைக்குது.

முத்தோரை:
அது கரு வழியா வளர்ந்ததா இருக்காது, தட்டே தன் ஈர்ப்புல உடைஞ்சு நேரடியாத் திரண்டிருக்கணும்னு கண்டுபிடிச்சவங்களே சொல்றாங்க. பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்கறது கொடைக்கானல் பழக்கம் போல.

மூஞ்சிக்கல்:
ஊரை இழுக்காதீங்க. சூரியப் புள்ளியில, அதாவது சூரியன் மேல தெரியற கரும்புள்ளியில, வாயு வெளிப்பக்கமா பாயறதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல கண்டது இந்த மலையில. உங்க ஊர்ல அப்ப குதிரைப் பந்தயம் ஓடிட்டிருந்துச்சு.

முத்தோரை:
1970-ல 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவுல நிறுத்தின ஊருங்க இது. சரிவு 11 டிகிரி, எங்க அட்சரேகையும் அதே 11. அதனால தொலைநோக்கியோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையாக் கிடக்குது. ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே ஒன்பதரை மணி நேரம் வரைக்கும் ஒரு பொருளை விடாமப் பார்க்கலாம். ஒருவாட்டி கிட்ட வந்து நின்னு பாருங்க, அப்புறம் குதிரையைப் பத்திப் பேசலாம்.

மூஞ்சிக்கல்:
ரேடியோ கேலக்ஸியை அளக்கற கருவிக்கும் கோளுக்கும் என்ன சம்பந்தம்?

முத்தோரை:
சூரியப் புள்ளிக்கு மட்டும் என்ன சம்பந்தமுங்க?

வட்டக்கானல் டீச்சர்:
ஊர்ச் சண்டையை விடுங்க. வியாழன் முதல்ல உள்பக்கமா நகர்ந்து ஒன்றரை வானியல் அலகு (ஒரு அலகுன்னா சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்) வரைக்கும் வந்து, சனி பின்னாலயே வந்ததும் வெளியே திரும்பிடுச்சுன்னு 2011-ல ஒரு கோட்பாடு வந்துச்சு. போற போக்குல செவ்வாய்க்குச் சேர வேண்டிய பொருளைக் கலைச்சிட்டுதாம். அதைச் சேர்த்துப் பார்க்கலாமே?

மூஞ்சிக்கல்:
டீச்சர் என் பக்கம்தான் பேசறாங்க. பனிக்கோட்டுக்கு வெளியே பிறந்ததால வியாழன் பெருசாச்சு. பெருசானதால செவ்வாய் பட்டினி. மூலம் தூரம்தான்.

பூம்பாறை:
வியாழனே நகர்ந்துச்சுன்னா எந்தத் தூரம்ணே? பிறந்த தூரமா, நின்ன தூரமா? 1995-ல கண்டுபிடிச்ச, 51 பெகாசிங்கற நட்சத்திரத்தோட கோள் வியாழன்ல பாதி நிறை, தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டு நாலு நாளுக்கு ஒருதரம் சுத்தி வருது. உங்க பதிவை நம்பின பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வீங்க?

செவ்வாயில இருந்து வந்த விண்கற்களை வச்சு 2011-லயே சொல்லிட்டாங்க: சுமார் 18 லட்சம் வருஷத்துலயே அது தன் நிறையில பாதியைச் சேர்த்திடுச்சு. பூமி வளர்ந்து முடியக் கோடிக்கணக்கான வருஷம் பிடிச்சுது. செவ்வாய் மாதிரி கருக்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேர்ந்தது பூமி. மோத ஆளில்லாம அப்படியே நின்னது செவ்வாய். பக்கத்துல சரக்கு மிஞ்சியிருந்துச்சா, அதை யாரு கலைச்சா, இதுதான் நிறையை முடிவு பண்ணுது.

2025 ஜனவரியில செவ்வாய் எதிர்நிலைக்கு, அதாவது வானத்துல சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வந்தப்ப உறைபனியில நின்னு பார்த்தோமே, ஆரஞ்சு வட்டோட ஓரத்துல வெள்ளைப் பொட்டா வட துருவப் பனி தெரிஞ்சுதே, அன்னைக்கு ஒரு பையன் இதையேதான் கேட்டான். அண்ணே சிரிச்சு மழுப்பினீங்க. அது எனக்கு இன்னும் ஆறல.

மூஞ்சிக்கல்:
நான் மழுப்பல. லென்ஸ்ல பனி படிஞ்சிருந்துச்சு, துடைக்கத் துணி தேடினேன். தொலைநோக்கி என்னோடதுங்கறதையும் சேர்த்து எழுதுங்க. கூட்டத்துல பேச இடம் கிடைக்காத கோபத்தையெல்லாம் என் பதிவுல கொட்டாதீங்க.

பூம்பாறை:
இடம் கேட்டது நெசம். கொடுக்காததும் நெசம். பனிக்கோட்டுக்கு உள்ளயே ரெண்டு கோளுக்கு ஏன் பத்து மடங்கு வித்தியாசம்னு நீங்க இன்னும் சொல்லாததும் நெசம்.

வட்டக்கானல் டீச்சர்:
ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல பேசறவங்க பட்டியல் இன்னும் முடிவாகல.

முத்தோரை:
தேதி சொல்லுங்க டீச்சர், நானும் வர்றேன். நட்சத்திர நிறையை நீங்க யாரும் தொடப்போறதில்ல, அதை நான் பேசறேனுங்க.

மூஞ்சிக்கல்:
வாங்க. வெளியூர்க்காரங்களுக்குக் கடைசியில பத்து நிமிஷம் உண்டு.