ஹார்லி பைக்கில் ரேடியோ மாற்றியவர்களே, வேறு ரேடியோவைப் பொருத்த எந்த கிட்டை வாங்கினீர்கள்?

சார்லட், வட கரோலைனா. 2009 ஸ்ட்ரீட் கிளைட்.

கேள்வி கடைசியில் வருகிறது. அதற்கு முன் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

என்னுடையது மூன்றாம் கைக்கு வந்த வண்டி. அதிலிருந்த ரேடியோ சிடி காலத்து ஆள், புளூடூத் கிடையாது. இரண்டு வருடமாகப் போனை டேங்க் பையில் போட்டு, ஆக்ஸ் வயர் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் பெரும்பகுதிக்கு வேக வரம்பு மணிக்கு 45 மைல்தான். லாரிகளும் கிடையாது. பாட்டுக் கேட்பதற்கென்றே போட்ட சாலை. அங்கே போய், பிடிக்காத பாட்டு வரும்போதெல்லாம் வண்டியை ஓரம்கட்டிப் பையைத் திறந்துகொண்டிருந்தால் எரிச்சல் வராதா?

சலுகை விலையில் ஒரு ரேடியோ கண்ணில் பட்டது. ஒற்றை டின் (கார் ரேடியோக்களின் வழக்கமான அளவு), சிடி இல்லாததால் குட்டையான உடம்பு, புளூடூத், யுஎஸ்பி எல்லாம் உண்டு. அன்றிரவே வாங்கிவிட்டேன். பெட்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் கிட் தேட உட்கார்ந்தேன். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பெண் தேடிய கதைதான்.

முதலில் வாங்கியது இருந்ததிலேயே மலிவான கிட். ஒரு பிளாஸ்டிக் சட்டகம், நான்கு திருகு, ஒரு கொத்து வயர். 1998 முதல் 2013 வரையிலான டூரிங் (நெடுந்தூரப் பயண) வண்டிகளில் கம்பெனி ரேடியோ உட்காரும் துளை, ஒற்றை டின்னின் 180க்கு 50 மில்லிமீட்டரைவிடப் பெரியது. சட்டகம் அந்த இடைவெளியை மூடுகிறது, அவ்வளவுதான். ஹேண்டில்பார் பொத்தான்களைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரி கூட இல்லை. ரேடியோவையே தொட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தடித்த தோல் கையுறையோடு, வளைவில், பட்டாணி அளவுப் பொத்தானை ஒரே ஒரு முறை தேடிப் பார்த்தேன். ஆசை விட்டுப்போயிற்று.

இரண்டாவது கிட் நல்ல கிட். வண்டியின் 23 பின் பிளக்கை வெட்டாமல் அப்படியே செருகிக்கொள்ளும் வயர் தொகுப்பும், ஹேண்டில்பார் பொத்தானை ரேடியோவுக்குப் புரிகிற மொழியில் மாற்றித்தரும் சின்னப் பெட்டியும் அதில் இருந்தன. அந்தப் பெட்டியிலிருந்து ஹெட்போன் முனை போல ஒரு 3.5 மில்லிமீட்டர் பிளக் வருகிறது. அதை ரேடியோவின் பின்பக்கம் செருக வேண்டும். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். துளையே இல்லை! வயர் வழி ரிமோட் வாங்கும் வசதி இல்லாத ரேடியோவை வாங்கியிருக்கிறேன். சில கம்பெனிகள் துளைக்குப் பதிலாகத் தனி வயர் ஒன்று கொடுக்கும். என்னுடையதில் அதுவும் இல்லை. அந்த ரேடியோ இப்போது மைத்துனனின் பழைய காரில் நன்றாகவே பாடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ரேடியோவைக் கிட்டோடு வந்த பொருத்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கினேன். படகுகளுக்காகச் செய்தது, உள்ளே சர்க்யூட் பலகைக்கு ஈரம் தாங்கும் பூச்சு உண்டு.

ஃபேரிங்கைக் (ரேடியோவும் ஹெட்லைட்டும் உட்காரும் முன்பக்க உறை) கழற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. விண்ட்ஷீல்டின் கடைசித் திருகு வெளியே வந்ததும் வெளி ஃபேரிங் உங்கள் பக்கம் சாயாது, முன்பக்கம் சரியும். அதோடு ஹெட்லைட்டும் போகும், ஹெட்லைட் வயரோ இன்னும் உள்ளே பூட்டியிருக்கும். முன் மட்கார்டின் மேல் பழைய துண்டை விரித்து, ஒரு கையால் ஃபேரிங்கைத் தாங்கி, மறு கையால் பிளக்கின் கொக்கியை அழுத்தி உருவ வேண்டும். முதல் முறை துண்டு போடவில்லை. மட்கார்டில் இருக்கும் கீறலை மனைவி இன்னும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து பாடவும் செய்தது. ஜூலை வெயிலில் அரை மணி நேரம் சத்தமாக வைத்தால் தானே அணைந்துவிடும், ஆறினால் பாடும். மூன்று வாரம் பியூஸையும் எர்த்தையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஸ்பீக்கரைக் கழற்றி முதுகைப் பார்த்தால் மின்தடை 2 ஓம். ரேடியோவின் கையேட்டில் 4 முதல் 8 ஓம் என்று போட்டிருக்கிறது. தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டத்தை ஸ்பீக்கர் இழுக்க, ரேடியோ சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 4 ஓமில் ஐந்தேகால் அங்குல ஜோடி ஒன்று மாட்டியபிறகு அணையவில்லை. பட்ஜெட் போடும்போது ஸ்பீக்கரையும் சேர்த்தே போடுங்கள்.

இப்போது கேள்வி. கிட்டின் சட்டகத்தில் மழைக்கு ஒரு மூடி உண்டு. ரேடியோவின் குமிழ் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி 3 மில்லிமீட்டர் திறந்தே நிற்கிறது. யாருக்காவது இப்படி ஆனதா?

ஹூஸ்டன். 2015 ரோடு கிளைட்.

மூடி விஷயம் எனக்குத் தெரியாது நண்பரே. ஆனால் 2014 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் கதையைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அந்த வருடத்திலிருந்து டூரிங் வண்டிகள் கேன் பஸ்ஸுக்கு, அதாவது பாகங்கள் ஒரே வயரில் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும் முறைக்கு, மாறிவிட்டன. பொத்தானை அழுத்தினால் அது வயரில் செய்தியாகப் போகிறது. கம்பெனி ரேடியோவும் அந்த உரையாடலில் ஓர் ஆள். அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைக்க வேண்டுமானால் அந்த மொழி தெரிந்த கிட் வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

நான் கம்பெனி ரேடியோவைத் தொடவில்லை. அதன் 25 வாட்ஸ் நெடுஞ்சாலைக் காற்றுக்குப் போதவில்லை என்பதுதான் என் குறை, திரையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆம்ப்ளிஃபயர் கிட் மட்டும் வாங்கி ஃபேரிங்குக்குள் வைத்தேன். ரோடு கிளைடில் ஃபேரிங் சட்டத்தோடு நிலையாக இருப்பதால் வயர் போடுவது சுலபம். உங்கள் பேட்விங் ஃபேரிங் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். பேட்டரியிலிருந்து புது வயர் இழுத்தால், கட்டுவதற்கு முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

டொராண்டோ. 2011 அல்ட்ரா கிளாசிக்.

அல்ட்ரா வைத்திருப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி ரேடியோவோடு சிபியும் (மற்ற வண்டிக்காரர்களோடு பேசும் ரேடியோ) ஹெல்மெட் இன்டர்காமும் போய்விட்டன. நான் வாங்கிய கிட் அவற்றைக் காப்பாற்றவில்லை; பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை மாட்டி முடித்தபிறகுதான் படித்தேன். சிபி போனதற்கு நான் அழவில்லை. பின் இருக்கையில் இருக்கும் என் வீட்டம்மா விட்டுவிடவில்லை. முதல் பயணத்தில் ஆறு மணி நேரம் தோளில் தட்டித்தான் பேச்சு: ஒரு தட்டு காபி, இரண்டு தட்டு நிறுத்து, மூன்று தட்டு என்றால் நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன். திரும்பி வந்த வாரமே இரண்டு ஹெல்மெட்டுக்கும் புளூடூத் இன்டர்காம் வாங்கினேன். ரேடியோவுக்கு ஆனதைவிட அதற்கு அதிகம் ஆயிற்று.

இன்னொன்று. ரேடியோவின் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்துக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் இடத்துக்கு. நான் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சாவிப் பக்கம் முறுக்கிவிட்டேன். ஒவ்வொரு காலையும் ரேடியோ பிறந்த குழந்தை மாதிரி எழுந்தது. ஸ்டேஷன், ஒலி அமைப்பு ஒன்றும் நினைவில்லை. சரிசெய்தபிறகு எங்கள் குளிர்காலத்தில் வேறு வகையில் மாட்டிக்கொண்டேன். வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது அந்த மஞ்சள் வயர் துளித்துளியாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். நவம்பரில் சார்ஜரோடு இணைத்துவிட்டுத்தான் கராஜைப் பூட்டுகிறேன்.

அட்லாண்டா. 2012 ஸ்ட்ரீட் கிளைட்.

அண்ணா, எனக்கும் அதே மூடிதான், அதே குமிழ்தான். குமிழைக் கழற்றிவிடலாம் என்று இழுத்தேன், உள்ளே இருந்த தண்டும் சேர்ந்து வந்துவிட்டது. அதைச் செய்யாதீர்கள். மூடியின் உள்பக்கத்தில் குமிழ் படுகிற இடத்தை மார்க்கர் தடவிக் கண்டுபிடித்து, வட்ட அரத்தால் ஒரு பள்ளம் தேய்த்தேன். பிளாஸ்டிக் தடிமனாகத்தான் இருக்கிறது, ஓட்டை விழாது. அவசரப்படாமல் தேய்த்தால் போதும்.

சார்லட்.

நன்றி தம்பி. மார்க்கர் தடவிப் பார்த்துவிட்டேன், கறை சரியாகக் குமிழின் நடுவில் விழுந்திருக்கிறது. அரம் மைத்துனன் வீட்டில் இருக்கிறது. வாங்கப் போனால் ரேடியோவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். சனிக்கிழமை போகிறேன்.